இரண்டான வீட்டிலிருந்து தில்லிக்கு ஏலக்காய்

மதுரை விமான நிலையத்தில் என் பையைச் சோதித்த பெண் காவலர் ஏலக்காய் உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "வீட்ல விசேஷமாக்கா?" என்று கேட்டார். விசேஷம் இல்லை, பாகப்பிரிவினை என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. "சாம்பிள்ம்மா, யாவாரத்துக்கு" என்று மட்டும் சொன்னேன். 

போடிநாயக்கனூரில் எங்களுடையது ஏலக்காய் வீடு. மலையில் விளையும் காயை வாங்கி, சல்லடையில் சலித்துத் தரம் பிரித்து வடக்கே அனுப்புவது தொழில். பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்தே நடத்தினார்கள். எங்கள் ஊரில் ஒரு வீடு தொழில் செய்தால் அது அந்த வீட்டோடு நிற்பதில்லை. சாக்குக் கடை வைத்திருக்கும் மாமாவும், லாரி ஆபீஸ் நடத்தும் அத்தை வீட்டுக்காரரும், காய் உலர்த்தும் இடம் கட்டியிருக்கும் சித்தப்பா முறைக்காரரும் எங்கள் சரக்குக் கிட்டங்கியில் நின்று தொழில் பழகியவர்கள்தான். எங்கள் வீடு பின்னால் நிற்கிறது என்ற நம்பிக்கையில்தான் ஊர் அவர்களுக்கு முதல் சரக்கைக் கொடுத்தது.

போன தை மாதம் அந்த வீடு இரண்டானது. மலையில் காப்பித் தோட்டம் ஒன்று விலைக்கு வந்தது. பெரியப்பா வாங்கலாம் என்றார், அப்பா வேண்டாம் என்றார். அவ்வளவுதான் ஆரம்பம். கிட்டங்கியின் நடுவே செங்கல் சுவர் எழும்பியது. சாக்குக் கடை மாமா யார் பக்கம் போவது என்று தெரியாமல் ஒரு வாரம் கடையைப் பூட்டிவிட்டுப் பழனிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். எல்லாவற்றையும் பிரித்தார்கள். தில்லியை மட்டும் பிரிக்க முடியவில்லை.

தில்லி என்றால் எங்களுக்கு ரமேஷ்ஜி. காரி பாவ்லி மசாலாச் சந்தையில் அவர்கள் குடும்பம் தலைமுறையாகக் கடை வைத்திருக்கிறது. எங்கள் காயில் பெரும்பகுதி அங்கேதான் போகும். பிரிந்த செய்தி கேட்டு அவர் போனில் சொன்னாராம்: "ஒரு வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் என் கடையில் நின்று ஒருவர் விலையை ஒருவர் குறைப்பதைப் பார்க்க என்னால் ஆகாது. ஒருவரிடம்தான் வாங்குவேன். நேரில் வாருங்கள்."

அப்பா முதுகுத்தண்டு அறுவைசிகிச்சை முடிந்து படுக்கையில் இருந்தார். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. நான் ஒருத்திதான், கலாவதி. கல்யாணமாகி அதே ஊரில் இருப்பவள், பள்ளி ஆசிரியரின் மனைவி, பிளஸ் டூ படிக்கும் பெண்ணுக்கு அம்மா. பில் போடுவது, லாரி ரசீதைத் தில்லிக்கு அனுப்புவது என்று மேஜை வேலைகளைப் பல வருடங்களாக நான்தான் பார்த்தேன். சரக்கு பேசும் இடத்துக்கு என்னை யாரும் கூப்பிட்டதில்லை. "நீ போயிட்டு வாத்தா" என்று அப்பா சுவரைப் பார்த்தபடி சொன்னார். வேறு யாரும் இல்லாததால் சொன்ன மாதிரிதான் இருந்தது.

தில்லியில் என் பள்ளித் தோழி செல்வி இருக்கிறாள். கணவருக்கு மத்திய அரசு வேலை, சரோஜினி நகர்ப் பக்கம் குவார்ட்டர்ஸ். நான் போய் இறங்கியபோது மாலை வெயில் என்று எதுவும் இல்லை. வானம் அடுப்புச் சாம்பலைக் கரைத்து ஊற்றிய நிறத்தில் தொங்கியது. மார்கழியில் போடியிலும் குளிரும். ஆனால் அந்தக் குளிரில் மலை தெரியும். இங்கே எதிர் மாடிகூடத் தெரியவில்லை.

"அரே, உள்ள வாடி ஜல்தி, கதவைத் தொறந்தா பூரா புகை" என்று செல்வி என்னை இழுத்துக்கொண்டாள். அவள் தமிழ் போடித் தமிழ்தான். நடுவில் இந்தி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. அவள் மகள் என்னிடம், "ஆன்ட்டி, நீங்க இலாய்ச்சி பெச்சறீங்களா?" என்று கேட்டாள். ஏலக்காய் விற்கிறீர்களா என்று கேட்கிறாள் என்று செல்வி மொழிபெயர்த்தாள்.

வறுத்த வேர்க்கடலையும் கொதிக்கக் கொதிக்கச் சுக்குக் காப்பியும் தந்தாள். "நாளைக்கு என்ன பேசப் போற?" என்றாள்.

"தெரியலடி. அதை நெனச்சாலே கை வேர்க்குது."

"இந்தக் குளிர்ல உனக்கு மட்டும் வேர்க்குது, அச்சா" என்றாள்.

மறுநாள் காலை மெட்ரோவில் பெண்கள் பெட்டியில் ஏறினேன். பக்கத்தில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம் இந்தியில் சொன்னது எனக்குப் பாதி புரிந்தது: "வேலை கிடைக்கலைன்னா அப்பா கடையில உட்காருன்னு அண்ணனுக்குச் சொல்றாங்க. எனக்கு அதைக்கூடச் சொல்ல மாட்டேங்கறாங்க." இன்னும் கேட்க ஆசை. ஆனால் சாந்தினி சௌக் வந்துவிட்டது.

அங்கிருந்து சைக்கிள் ரிக்ஷா. சந்தை நெருங்க நெருங்க வண்டி நகரவில்லை. கைவண்டிகள், முதுகில் மூட்டையோடு குனிந்து ஓடுகிறவர்கள், மோட்டார் சைக்கிள்கள், நடுவே அசையாமல் நிற்கும் ஒரு மாடு. மிளகாய் நெடி தூக்கி அடித்தது. அத்தனை பேரும் இருமினார்கள். இருமிக்கொண்டே விலை பேசினார்கள். ரிக்ஷாக்காரர் திரும்பி, இனி நடந்தால்தான் போகலாம் என்று கையால் காட்டினார். பணத்தைக் கொடுத்துவிட்டு இறங்கி, மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. சாம்பிள் பை ரிக்ஷாவிலேயே இருக்கிறது.

திரும்பி ஓடினேன். ரிக்ஷாக்கள் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே மாதிரி. எல்லா ஓட்டுநர்களும் தலையில் ஒரே மாதிரி மப்ளர் சுற்றியிருந்தார்கள். "பையா, ஏக் பேக், ஏக் பேக்" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஒருவர் இரக்கப்பட்டுத் தன் இருக்கையைத் தூக்கியே காட்டினார். உள்ளே பழைய டயர் டியூப் ஒன்று கிடந்தது. கண்ணில் நீர் வந்தது. மிளகாய் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெறுங்கையோடு ரமேஷ்ஜி கடையின் படி ஏறினேன். வெள்ளை மெத்தை விரித்த தாழ்வான மேடையில் அவர் உட்கார்ந்திருந்தார். எதிரே கையில் தேநீர்க் குவளையோடு இருந்தவர் திரும்பிப் பார்த்தார். முருகேசன் அண்ணன். பெரியப்பாவின் மகன்.

ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். சுவர் எழும்பியதிலிருந்து தெருவில் பார்த்தாலும் பேசுவதில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் இருவரும் ஒரே நேரத்தில் ரமேஷ்ஜியைப் பார்த்தோம். அவர் வேண்டுமென்றேதான் இருவரையும் ஒரே நாளில் வரச் சொல்லியிருந்தார்.

"வா பேட்டி, உட்கார்" என்று மகளைக் கூப்பிடுவது போலச் சொன்னார். தேநீர் வந்தது. பால் திக்காக, மேலே தட்டிப்போட்ட ஏலம் மிதந்தது. வேறு நாளாக இருந்தால் ரசித்துக் குடித்திருப்பேன். அப்பாவின் முதுகைப் பற்றி விசாரித்துவிட்டு, "சரி, காயைப் பார்ப்போம்" என்றார்.

அண்ணன் தன் உறைகளைப் பிரித்தார். ரமேஷ்ஜி பெரிய காய் இருந்த உறையை மட்டும் தட்டில் கொட்டி, இரண்டைப் பிளந்து, கறுத்த விதையைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்னுடையது…" என்று ஆரம்பித்தேன். ரிக்ஷா, பை, தொலைந்துவிட்டது என்ற மூன்றும் எனக்குத் தெரிந்த இந்தியில் வாக்கியமாகச் சேரவில்லை. அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தட்டை எங்கள் இருவருக்கும் நடுவில் தள்ளிவைத்து, "ரெண்டு வீட்டுக்கும் ஒரே மலைக்காய்தான் ஜி. தனியா எதுக்கு?" என்று நல்ல இந்தியில் சொன்னார்.

அது உதவியா தந்திரமா என்று அந்த நிமிடம் எனக்குப் புரியவில்லை. காய் ஒன்றே என்றால் மிச்சம் இருப்பது மூத்தவர் வீடு, இளையவர் வீடு என்ற கணக்கு மட்டும்தானே. அந்தக் கணக்கில் நான் எங்கே நிற்பேன்?

"என் தம்பியிடமும் மகனிடமும் பேசிவிட்டுச் சொல்கிறேன். நாளை மத்தியானம் இருவரும் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்" என்று ரமேஷ்ஜி முடித்துவிட்டார்.

திரும்பும்போது அண்ணனும் அதே மெட்ரோ. நான் பெண்கள் பெட்டிக்குப் போய்விட்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மனதில் ஓடியது அண்ணன் இல்லை, ரமேஷ்ஜியும் இல்லை. எங்கள் பக்கத்துக் கிட்டங்கியில் காய் பொறுக்கும் பெண்கள். தில்லி கைவிட்டுப் போனால் அவர்களில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. அவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். லாரி ஆபீஸ் அத்தை வீட்டுக்காரர் ஏற்கெனவே பாதி அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். ஒரு வீடு தொழில் செய்தால் ஊரே எழும் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த வீடு உடையும்போது யார் யார் தலையில் ஓடு விழும் என்பதை யாரும் சொல்வதில்லை.

மறுநாள் போன வீடு மூன்று மாடி. கீழே ரமேஷ்ஜி, நடுவில் தம்பி, மேலே மகன். வெளியே ஒரே பெயர்ப்பலகை. அட்டைப்பெட்டிக் கடை அவர் மைத்துனருடையது, லாரிக் கம்பெனி அக்கா மகனுடையது என்று சாப்பாட்டு மேஜையில் தெரிந்தது. பெயர்களை மாற்றினால் எங்கள் ஊர். வெண்ணெய் மிதக்கும் கடுகுக்கீரை, மக்காச்சோள ரொட்டி, வெல்லக் கட்டி, கேரட் அல்வா. தட்டு காலியாக விடாமல் போட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்கு ஒரு வாய் இறங்குவது மலை ஏறுவது போலிருந்தது. எதிரே அண்ணனும் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன்.

பரிமாறிக்கொண்டிருந்த ரமேஷ்ஜியின் மருமகள் நிதி ஆங்கிலத்தில் கேட்டார்: "லாரி ரசீது அனுப்புகிற 'கலா போடி' உங்களுக்குத் தெரியுமா? ரொம்ப ஒழுங்கான ஆள்."

"நான்தான்" என்றேன். "எங்களுக்கு 'என்' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தை மட்டும் கையெழுத்தாகப் போட்டு மெசேஜ் அனுப்புகிற கணக்குப்பிள்ளை யார்?"

அவர் கரண்டியை அப்படியே நிறுத்தினார். "நான்தான்."

பல வருடங்களாக நாங்கள் இருவரும் போனில் பேசாமலே வேலை பார்த்திருக்கிறோம். மழையில் லாரி நின்ற செய்தியை அவருக்கு நான் அனுப்பியிருக்கிறேன். மூட்டை குறைந்ததாக அவர் சொன்ன நாளில் நான் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுத் தேடிக் கொடுத்திருக்கிறேன். அவர் என்னை ஆபீஸ் பையன் என்று நினைத்திருந்தார். நான் அவரைக் கண்ணாடி போட்ட ஒரு கிழவராகக் கற்பனை செய்திருந்தேன்.

கை கழுவ என்னைச் சமையலறைப் பக்கம் கூட்டிப்போனபோது அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்பாஜி, என் மாமனார், உங்கள் அண்ணனுக்குத்தான் தரப்போகிறார். நேற்றே முடிவாகிவிட்டது. உங்கள் சரக்கு மோசம் என்று இல்லை. 'இந்தப் பெண்ணுக்குப் பிறகு அந்த வீட்டில் யார்?' என்று கேட்டார். அவர் தம்பிக்கும் என் கணவருக்கும் பதில் தெரியவில்லை."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"என்னைக் கேட்கவில்லை" என்றார். குழாயை மூடிவிட்டு, "நாங்கள் சின்னக் காய் தொடுவதே இல்லை. உங்கள் வீடும் அதைக் கழிவு விலைக்குத்தான் தள்ளுகிறது, எனக்குத் தெரியும். ஆனால் டீ மசாலா அரைக்கிறவர்கள் அதைத் தேடித் திரிகிறார்கள். சதர் பஜாரில் விசாரித்துப் பாருங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்" என்றார்.

கூடத்துக்கு வந்ததும் ரமேஷ்ஜி கையைக் கூப்பி முறையாகச் சொன்னார். மூத்தவர் வீட்டோடு தொழில் தொடரும். என் அப்பாவோடு உறவு எப்போதும் போல இருக்கும். "தப்பாக எடுத்துக்கொள்ளாதே பேட்டி."  நானும் கைகூப்பினேன். வேறென்ன செய்ய?

வாசலில் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் ஜெயித்த களை இல்லை. சுவர் வந்த பிறகு முதல்முறையாகப் பேசினார்.

"கலா, சாப்பிடவே இல்லையே நீ."

"நீங்களுந்தான்."

இருவரும் தெருவில் இறங்கினோம். ஒருவர் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தணலில் சுட்டுக்கொண்டிருந்தார். நான் சின்னக் காய் விஷயமாக நாளை சதர் பஜார் போகப்போவதைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வேறு யாரிடம் சொல்வது?

"உனக்கு இந்தி வராது. நானும் வரட்டுமா?"

"வேண்டாம்ணே. நீங்க வந்தா, அவுக என்னையப் பாக்க மாட்டாக. உங்களத்தான் பாப்பாக."

அவர் கோபப்படவில்லை. யோசித்துவிட்டு, தோள்பையிலிருந்து மிச்சமிருந்த உறைகளை எடுத்து நீட்டினார். ரமேஷ்ஜி பிரிக்காமலே ஒதுக்கிய சின்னக் காய். "இதாவது வாங்கிக்க. ஒரே மலைக்காய்தான்" என்றார். வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் ஊர் திரும்பியிருக்க வேண்டும். செல்வியின் கணவர் டிக்கெட்டை மாற்றித் தந்தார். செல்வி, "சரோஜினி நகர் மார்க்கெட்ல பேரம் பேசிப் பேசியே நான் இந்தி கத்துக்கிட்டேன். என்னைய விட்டா உனக்கு ஆளில்ல, சல், போலாம்" என்று சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சதர் பஜாரில் காலை முழுக்க அலைந்தோம். முதல் கடைக்காரர் உறையைப் பிரிக்கவே இல்லை. அடுத்தவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "வீட்டில் ஆண்கள் யாரும் இல்லையா?" என்று கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் செல்வி ஏதோ சொன்னாள். அவர் முகம் சிவந்து உறையைத் திருப்பிக் கொடுத்தார். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "மொழிபெயர்க்க முடியாதுடி" என்றாள். இன்னொருவர் ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். ஒரு பேட்டரி ரிக்ஷா எங்களை ஏற்றிக்கொண்டு தவறான சந்தில் நுழைந்து, சார்ஜ் தீர்ந்து, பிளாஸ்டிக் வாளிக் கடைகளின் நடுவே நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினோம். கால் வலியும் பயமும் சேர்ந்து, ஊருக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது.

வாளிக் கடைகளைத் தாண்டியதும் அரைவை இயந்திரத்தின் சத்தம் கேட்டது. உள்ளே ஒரு கணவனும் மனைவியும் சுக்கு, மிளகு, கிராம்பு அரைத்துச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாலையோர டீக்கடைகளுக்குப் போகும் மசாலா. கணவர் என் காயைப் பார்த்து, "ரொம்பச் சின்னது" என்றார். மனைவி உறையை வாங்கிக்கொண்டார். நான்கைந்து காயைத் தோலோடு நசுக்கி, மூலையில் இருந்த அடுப்பில் தேநீர் வைத்தார். நால்வரும் நின்றபடியே குடித்தோம். 

"வாசனை நிற்கிறது" என்றார் அந்த அம்மாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டதைச் செல்வி சொன்னாள்: "மாசாமாசம் இதே காய் வருமான்னு கேக்குறாங்க. ஒருதடவை அனுப்பிட்டுக் காணாமப் போற ஆளு வேண்டாமாம்."

வரும் என்று சொல்லிவிட்டேன். முதலில் மூன்று மூட்டை அனுப்பிப் பார்ப்பது என்று ஆனது. ரமேஷ்ஜி கடையில் மூன்று மூட்டை என்றால் யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். விலையை நாளை வந்து பேசுவோம் என்றார்கள்.

வெளியே வந்து அப்பாவைக் கூப்பிட்டேன். ரமேஷ்ஜி விஷயத்தை அதுவரை சொல்லவே இல்லை. சொன்னேன்.  வலி மாத்திரை போட்டாரா, அம்மா பக்கத்தில் இருக்கிறாளா என்று மனம் எங்கெங்கோ ஓடியது. அவர் வாயெடுப்பதற்குள் டீ மசாலாக்காரர்களையும் மூன்று மூட்டையையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"ரேட்டு பேசிட்டியா?" என்றார்.

"இல்லப்பா. நாளைக்கு."

 பிறகு குரல் தெளிவாக வந்தது. "ரேட்டச் சொல்லும்போது சிரிக்காத. சொல்லிட்டு வாய மூடிக்க. அவுகதான் அடுத்துப் பேசணும். மொதல்ல வாயத் தொறக்குறவன் எறங்கிருவான்."

இத்தனை வருடங்களில் அப்பா என்னிடம் பில்லைப் பற்றிப் பேசியிருக்கிறார், ரசீதைப் பற்றிப் பேசியிருக்கிறார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சரிப்பா என்றேன். 

அடுத்த நாள் காலை அதே சந்து, அதே சத்தம். விலையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கணவர் மனைவியைப் பார்த்தார், மனைவி காயைப் பார்த்தார். யாரும் பேசவில்லை.  பக்கத்தில் செல்வி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சால்வைக்கு அடியில் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.

"டீக் ஹை" என்று சம்மதித்தார் அந்த அம்மாள்.